நீரிழிவும் நம்மவரும்

1896 ஆம் ஆண்டில் பம்பாய் நகரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் புகுந்தது. மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். பல்லாயிரவர் நகரைத் துறந்து ஓடினர். அதன் விளைவாக 1898 இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெருக்கடி மிகுந்த தென்பகுதியினின்றும் மக்களை விடுவித்து, காற்றும் வெளிச்சமும் உள்ள வடபகுதியிலே குடியேற்றும் நோக்கத்துடன், தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் ஆகிய இடங்களில் அகன்ற சாலைகளையும் மனைகளையும் அது வகுத்தது. நம்மவர் பிழைப்பு நாடி வந்து குடிபுகுந்த மாட்டுங்கா, இவ்வாறு ஒரு நோயின் பின்விளைவாகப் பிறந்த ஊர்.

பிளேக் ஆரவாரத்துடன் வந்தது. ஊரே அறிய வந்தது. இன்று நம் இல்லங்களில் குடிகொண்டிருக்கும் நோயோ ஓசையின்றி வருவது. பல்லாண்டுகள் உடலினுள் உறைந்திருந்து, கண்ணையோ சிறுநீரகத்தையோ காலையோ தாக்கிய பின்னரே தன் பெயரைச் சொல்லுவது. அதுவே நீரிழிவு. ஆண்டு விழா மலரிலே நோயைப் பற்றிய கட்டுரையா என்று அன்பர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். விழாவில் பாயசம் பரிமாறப்படும் பந்தியிலேயே, “எனக்கு வேண்டா” என்று இலையை மறைப்போர் எத்துணைப் பேர் என்று எண்ணிப் பார்ப்பவர்க்கு இக்கட்டுரையின் இன்றியமையாமை விளங்கும். மறைக்காமலே உண்டுவிட்டுப் பின் வருந்துவோர் தொகை அதனினும் பெரிது.

பெயரும் பழமையும்

இந்நோய் புதியதன்று. சுசுருதர், சரகர் ஆகியோர் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல்கள் இதனை மதுமேகம் என்று குறித்தன. நோயாளியின் சிறுநீரை எறும்புகள் மொய்க்கும் என்பதை அக்கால மருத்துவர் கண்டிருந்தனர். அதனினும் வியப்பூட்டுவது, சுசுருதர் நூல் இதனை இரு வகையாகப் பிரித்தமையாகும். பிறவியிலேயே வாய்ப்பது ஒன்று. தகாத உணவாலும் உழைப்பின்மையாலும் வருவது மற்றொன்று. முன்னவர் மெலிந்திருப்பர், பின்னவர் பருத்திருப்பர் என்றும் அந்நூல் கூறும். தமிழ்நாட்டுச் சித்த மருத்துவரும் மேகநோய்களுள் ஒன்றாக இதனை வைத்து, நீரிழிவு என்று வழங்கினர்.

மேலைநாட்டில் 1674 ஆம் ஆண்டில் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் நோயாளியின் சிறுநீர் இனிப்பதை எழுதிவைத்தார். 1776 இல் மேத்யூ டாப்சன் என்பவர் அச்சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்து, எஞ்சியது சர்க்கரையே எனக் காட்டினார். இரத்தத்தின் நீர்ப்பகுதியும் இனிப்பதை அவர் கண்டார். நோயின் இருப்பிடம் சிறுநீரகமன்று, உடல் முழுவதும் ஓடும் குருதியே என்பதற்கு அதுவே முதற் சான்று. 1889 இல் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்னும் இருவர் நாயொன்றின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. குற்றம் கணையத்தின்பால் உள்ளது என்பது அன்று தெளிவாயிற்று.

இருள் நீங்கிய ஆண்டு

நோயின் இடம் தெரிந்தும் மருந்து இல்லை. இளம் பிள்ளைகளுக்கு இந்நோய் வருமாயின், பட்டினிக்கு ஒப்பான உணவுமுறையால் அவர்தம் வாழ்நாளைச் சில திங்களோ ஓரிரு ஆண்டுகளோ நீட்டிக்க மட்டுமே மருத்துவரால் இயன்றது. 1921 இல் கனடா நாட்டின் டொரண்டோ நகரில் பிரெடரிக் பேண்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரி 11 அன்று லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அம்முதல் மருந்து தூய்மை குறைந்ததாய் இருந்தமையின் பயன் மிகுதியாகக் கிட்டவில்லை. காலிப் என்னும் வேதியியலார் அதனைத் தூய்மைப்படுத்திய பின்னர், அதே திங்களில் மீண்டும் செலுத்தினர், சிறுவன் பிழைத்தான். 1923 இல் பேண்டிங்குக்கும், ஆய்வுக்கூடத் தலைவரான மக்லியோடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்சுலின் நோயை ஒழிக்கவில்லை. நோயுடன் வாழ வழி செய்தது. நோயுடன் வாழ்வோர் தம் உடலின் நிலையை நாள்தோறும் அறிதல் வேண்டும் அன்றோ? ஆகவே இந்நோயின் வரலாறு, மருந்தின் வரலாறாக இருந்த அளவுக்கு அளத்தலின் வரலாறாகவும் ஆயிற்று. அமெரிக்க மருத்துவர் எலியட் ஜோஸ்லின் 1918 இலேயே மருத்துவர்க்கும் நோயாளிக்கும் பொதுவானதொரு கைந்நூலை வெளியிட்டிருந்தார். நோயாளி கற்றறிந்தாலன்றி மருத்துவம் பலிக்காது என்பது அவர் கொள்கை.

சோதனைக் குழாயும் செங்கல் நிறமும்

நம் பெரியவர்களுள் சிலர் வீட்டு அலமாரியில் நீலநிறக் கரைசல் நிரம்பிய புட்டி இருந்ததை இன்றும் நினைவுகூர்வர். ஸ்டான்லி பெனடிக்ட் என்னும் அமெரிக்க வேதியியலார் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த கரைசல் அது. சோதனைக் குழாயில் 5 மில்லி லிட்டர் கரைசலை ஊற்றி, 8 துளி சிறுநீரை விட்டு, ஸ்பிரிட் விளக்கின் சுடரில் காய்ச்சுவர். நீலம் மாறாதிருப்பின் சர்க்கரை இல்லை. பச்சையாயின் சிறிது, மஞ்சளாயின் அதனினும் மிகுதி, செங்கல் நிறமாயின் பெருந்தீங்கு. காலைப் பொழுதில் குளியலறையின் ஓரத்தில் நடைபெற்ற இச்சோதனை, எத்தனையோ குடும்பங்களில் அன்றைய சமையலை முடிவு செய்தது.

இச்சோதனைக்கு ஒரு குறை உண்டு. இரத்தத்தில் சர்க்கரை 100 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே பெரும்பாலோர்க்குச் சிறுநீரில் அது தோன்றும். நீலம் மாறவில்லை என்று மகிழ்ந்தவருடைய குருதியில் 160 இருந்திருக்கலாம். மேலும், சிறுநீர் காட்டுவது சென்ற சில மணி நேரத்துக் கதையேயன்றி, இந்நொடியின் நிலையன்று. சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வருவதை அது காட்டவே காட்டாது. ஆதலின் இரத்தத்தையே நேரே அளக்கும் வழியை அறிஞர் நாடினர்.

1960களின் நடுவில் ஏம்ஸ் என்னும் நிறுவனம் ஒரு துளி இரத்தத்தால் நிறம் மாறும் பட்டையை வெளியிட்டது. 1970 இல் அந்நிறத்தை அளக்கும் கருவியும் வந்தது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள அக்கருவி மருத்துவர்க்கென்றே விற்கப்பட்டது. இளமை முதல் நீரிழிவால் துன்புற்ற ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், மருத்துவராகிய தம் மனைவியின் பெயரால் அதனை வாங்கி, நாளொன்றுக்குப் பலமுறை தம் இரத்தத்தைத் தாமே அளந்து, உணவையும் இன்சுலினையும் அதற்கேற்ப மாற்றி நலம்பெற்றார். அவர் சொல்லை மருத்துவ உலகம் செவிமடுக்கவில்லை. பொறியாளரான அவர் நாற்பது வயதைக் கடந்த பின்னர் மருத்துவக் கல்லூரியிற் பயின்று தாமே மருத்துவரானார். இன்று நம் சட்டைப் பையில் அடங்கும் குளுக்கோமீட்டருக்குப் பின்னால், தன் உடலைத் தானே அறியத் துணிந்த நோயாளியின் உறுதி நிற்கின்றது.

மற்றொரு சோதனையும் தோன்றியது. 1960களின் இறுதியில் ஈரான் நாட்டு அறிஞர் சாமுவேல் ரஹ்பர், நீரிழிவுடையோர் குருதியில் சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதைக் கண்டார். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே அவ்வொட்டிய பகுதியை அளந்தால் சென்ற மூன்று திங்களின் சராசரி தெரியவரும். எச்பிஏ1சி என்று நாம் வழங்கும் சோதனை இதுவே. பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாள் மட்டும் பத்தியம் காத்து மருத்துவரை ஏமாற்றும் நம்மவர் வழக்கம் இதனிடம் செல்லாது.

அளத்தலால் பயன் என்ன என்று வினவுவோர்க்கு விடை, 1977 இல் பிரித்தானியாவில் தொடங்கி 1998 இல் முடிவு வெளியான பேராய்வில் உள்ளது. புதிதாக இரண்டாம் வகை நீரிழிவு கண்ட 5,102 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். சர்க்கரையை முனைந்து கட்டுப்படுத்தியோர்க்கு எச்பிஏ1சி சராசரி 7.0, வழக்கமான மருத்துவம் பெற்றோர்க்கு 7.9. இச்சிறு வேறுபாடே கண், சிறுநீரகம் முதலிய இடங்களின் நுண்குழாய்க் கேடுகளை 25 விழுக்காடு குறைத்தது.

சென்னையும் பம்பாயும்

நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்டோருள் தமிழர் முன்னணியில் நின்றனர். 1948 இல் டாக்டர் எம். விசுவநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு கண்டார். 1954 இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார். 1978 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் வீ. சேஷையா நீரிழிவுத் துறையைத் தோற்றுவித்தார். கருவுற்ற மகளிர்க்கு வரும் நீரிழிவின்மீது நாட்டின் கவனத்தைத் திருப்பியவர் அவரே.

பம்பாயும் பின்தங்கவில்லை. 1955 இல் இந்நகரில் இந்திய நீரிழிவோர் சங்கம் தோன்றிற்று. டாக்டர் எஸ். எஸ். அஜ்காவ்ங்கர் அதன் தூணாக விளங்கினார். நம் மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் அண்டையிலுள்ள மாஹிமில் நீரிழிவு மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற ரஹேஜா மருத்துவமனை அச்சங்கத்தின் முயற்சியால் எழுந்ததாகும்.

டாக்டர் விசுவநாதன் செய்த தொண்டுகளுள் ஒன்று நம் அடுக்களையைச் சார்ந்தது. அக்காலத்து மேலைநாட்டு உணவுப் பட்டியல், மாவுச்சத்தை மிகக் குறைத்து இறைச்சியையும் கொழுப்பையும் கூட்டுவது. சோறுண்ணும் தமிழனிடம் அப்பட்டியலை நீட்டினால் அவன் ஒரு வாரம் காப்பான், மறுவாரம் கைவிடுவான். பருப்பும் பயறும் காய்கறியும் கீரையும் நிறைந்த நார்ச்சத்து மிகுந்த நம் உணவையே அளவறிந்து உண்ணலாம் என்று அவர் 1970களில் எடுத்துரைத்தார். இன்று அக்கருத்து மேலும் திருத்தம் பெறுகின்றது. நம் மக்களின் உணவில் ஆற்றலில் 60 முதல் 75 விழுக்காடு வரை மாவுச்சத்திலிருந்தே வருகின்றது, அது மிகை. 2022 இல் வெளியான இந்திய ஆய்வொன்று, புதிதாக நோய் கண்டோர் மாவுச்சத்தைப் பாதியளவுக்குக் குறைத்துப் புரதத்தை 20 விழுக்காட்டை ஒட்டி உயர்த்தினால் நோய் தணிய வாய்ப்புண்டு எனக் கணித்தது. நம் உணவைத் துறக்க வேண்டியதில்லை என்பதில் முன்னவரும் பின்னவரும் ஒன்றுபடுகின்றனர். அதன் அளவைத் திருத்த வேண்டும் என்பதிலும் அவ்வாறே.

கரும்புத் தோட்டம் கற்பித்த பாடம்

ஊர்விட்டு ஊர் சென்ற நம்போன்றோர் தனியே கருதத்தக்க வரலாறு ஒன்றுண்டு. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்றோர் அவர். அவருள் தமிழர் பலர். ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, டர்பன் மருத்துவர் ஜி. டி. கேம்ப்பெல், அவர்தம் வழித்தோன்றல்களிடையே நீரிழிவு மிகப் பரவியிருப்பதைக் கண்டார். புதிய உணவுக்கு மாறிய மக்களிடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே நோய் வெளிப்படுகின்றது என்பதும் அவர் கணிப்பு. 1966 இல் கிளீவ் என்பாருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல், தூய்தாக்கிய சர்க்கரையே முதற் குற்றவாளி என்றது.

பிற்கால அறிஞர் அக்கருத்தை முழுதும் ஏற்கவில்லை. 1987 இல் மொரீஷியசுத் தீவில் நடந்த ஆய்வு, இந்திய வழியினரிடம் மட்டுமன்றிச் சீனரிடமும் கிரியோல் மக்களிடமும் நோய் மிகுந்திருப்பதைக் காட்டிற்று. உழைப்புக் குறைவு, மாறிய உணவு, கூடிய எடை, பிறப்புவழி வாய்ப்பு ஆகிய அனைத்தும் கூடியே நோய் பிறக்கின்றது. எனினும், கரும்பு வெட்டச் சென்றவரின் பேரப்பிள்ளைகள் சர்க்கரை நோயால் நலிந்தனர் என்னும் செய்தி நம் நெஞ்சைச் சுடாமற் போகாது.

நம் கதையும் அதனை ஒத்ததே. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தோர் பண்டு தோல் பதனிடும் தொழிலில் உடல் வருந்த உழைத்தனர். மாட்டுங்காவுக்கு வந்தோர் அலுவலகங்களில் எழுத்தராகவும் தட்டெழுத்தராகவும் அமர்ந்தனர். செம்பூரில் ஆலைகளும் குடியிருப்புகளும் பெருகியபோது அங்கும் பரவினர். ஊரில் கம்பும் கேழ்வரகும் சாமையும் உண்ட குடும்பங்கள் தீட்டிய வெள்ளரிசிக்கு மாறின. 1943 இல் பம்பாயில் உணவுப் பங்கீடு வந்தபோது அரிசி அளவாகவே கிடைத்தது. கோதுமையும் கையிலே திணிக்கப்பட்டது. அரிசி அரிதாயிருந்த அந்நாளின் ஏக்கமோ என்னவோ, அது தாராளமாகக் கிடைத்த பின்னர் இலையில் குவியலும் உயர்ந்தது; நடையோ குறைந்தது.

1970களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல இடங்களில் எடுத்த கணக்கில், நகரத்தாரில் 2.1 விழுக்காட்டினர்க்கே நீரிழிவு இருந்தது. 1992 இல் வெளியான ஆய்வு சென்னை நகரில் 8.2 என்றது. 2003-04 இல் சென்னையில் 14.3 ஆயிற்று. கணக்கெடுத்த முறைகள் ஒன்றல்ல எனினும் போக்கு ஐயத்துக்கு இடமற்றது. 2023 இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேர்க்கு நீரிழிவு உண்டென மதிப்பிட்டது.

“நான் பருமனில்லையே” என்பார்க்கும் புனே நகர் விடை தந்துள்ளது. டாக்டர் யாஜ்னிக் என்பவரும் ஆங்கில மருத்துவர் யூட்கின் என்பவரும் தம் உடலையே அளந்து 2004 இல் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவர்க்கும் 22.3. உடற்கொழுப்போ ஆங்கிலேயர்க்கு 9.1 விழுக்காடு, இந்தியர்க்கு 21.2. மெலிந்த தோற்றத்தினுள்ளும் கொழுப்பு ஒளிந்திருக்கலாம் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

அளவறிதல்

வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, எச்பிஏ1சி 6.5 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பின் நீரிழிவு எனக் கொள்வர். அறிகுறி இல்லாதவர்க்கு மறுமுறையும் சோதித்து உறுதி செய்தல் முறை. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை எச்சரிக்கை எல்லை. அவ்வெல்லையில் நிற்போர்க்கு மீட்சி உண்டு. டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் எச்சரிக்கை நிலையிலிருந்த 531 பேரைக் கொண்டு நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வில், உணவுத் திருத்தமும் நடையும் மட்டுமே நோய் வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன.

நம் இல்லங்களில் சில மயக்கங்கள் உள. சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதும் என்பது ஒன்று. மூன்று சப்பாத்தியின் மாவுச்சத்து ஏறத்தாழ ஒரு கிண்ணம் சோற்றினதற்கு நிகராகும். தானியத்தின் பெயரன்று, அளவே பொருட்டு. கேழ்வரகு எவ்வடிவிலும் நன்று என்பது மற்றொன்று. நைய அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சின் அதுவும் விரைந்து சர்க்கரையை ஏற்றும். வெல்லமும் தேனும் கருப்பட்டியும் சர்க்கரையல்ல என்பது மூன்றாவது. உடல் அவற்றை வேறாக எண்ணுவதில்லை. பாகற்காயும் வெந்தயமும் நல்லுணவே. ஆயின் மருந்தை நிறுத்துதற்கு உரிமைச் சீட்டல்ல.

தட்டில் பாதியைக் காய்கறிக்கும் கீரைக்கும் அளித்து, காற்பங்கைப் பருப்பு, பயறு, மீன் முதலியவற்றுக்கு விட்டு, எஞ்சிய காற்பங்கில் சோற்றையோ ரொட்டியையோ வைப்பது எளிய முறை. இன்சுலின் போடாதவர் நாள்தோறும் பலமுறை விரலைக் குத்த வேண்டியதில்லை. எத்துணை முறை என்பதை மருத்துவர் சொல்வார். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ கொள்பவர் நடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே அளந்து, 70 க்குக் கீழாயின் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடங்கழித்து மீண்டும் அளத்தல் வேண்டும். அந்நேரத்தில் பத்தியம் பார்த்தல் பேதைமை. திருக்குறளின் மருந்து அதிகாரம் அளவையே வற்புறுத்துகின்றது. குளுக்கோமீட்டர் அவ்வளவுக்கு எண்ணைத் தந்தது.

நம் கடமை

இந்நோய் செல்வர் நோய் என்னும் பேச்சு வழக்கொழிய வேண்டும். ஒரே அறையில் பலர் உறங்கும் தாராவிச் சந்துகளில் காசநோயும் உலவுகின்றது. நீரிழிவுடையோர்க்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. அங்குள்ள நம் உடன்பிறப்புகளுக்குச் சோதனைப் பட்டையின் விலையே ஒரு வேளைச் சோற்றின் விலை. சயானிலுள்ள மாநகராட்சி மருத்துவமனை அருகிலேயே இருந்தும், ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்கத் தயங்குவோர் பலர். அவர்தம் வாயிலுக்கு அளவுகோலைக் கொண்டுசெல்வது மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வசதியுடன் வாழும் நம் கடமையாகும். ஆண்டுக்கொரு முறை நாடகமும் பாட்டும் நடத்தும் நம் சங்கம், அதே அரங்கின் வாயிலில் ஒரு மேசையிட்டு வருவோர் இரத்தத்தைச் சோதிக்க ஏற்பாடு செய்தல் இயலாததன்று. முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும், நீரிழிவுடைய பெற்றோரின் மக்கள் அதற்கும் முன்னரே, கருவுற்ற மகளிர் தவறாமலே சோதித்துக்கொள்ளல் நன்று.

இன்னொன்றும் சொல்ல விழைகின்றோம். நோயுற்றவர் பந்தியில் இலையை மறைக்கும்போது, “ஒரு நாள்தானே, உண்ணுங்கள்” என்று வற்புறுத்துவதை அன்பென்று நாம் கருதி வருகின்றோம். எத்தனையோ வீடுகளில் அவ்வொரு நாள் ஆண்டு முழுதும் நீண்டுள்ளது. சுண்டலும் மோரும் காய்கறிக் கூட்டும் விருந்தாகா எனச் சொன்னவர் யார்? பிளேக்கை அஞ்சி ஓடிய நகரம், பின்னர்க் காற்றும் வெளிச்சமும் உள்ள தெருக்களை வகுத்துக்கொண்டது. ஓடி ஒளிதற்கு இடந்தராத இந்நோய்க்கு நாம் வகுத்துக்கொள்ள வேண்டியவை நம் அடுக்களையிலும் பந்தியிலும் உள்ளன. இவ்வாண்டு விழாப் பந்தியிலேயே அதனைத் தொடங்குவோமாக.